வெறும் தண்ணீர் என்ன காட்டியது?

கைதட்டல் ஓய்வதற்குள் நெரினா கெர்பெட்ஸின் கை மேலே போய்விடும். இரண்டாம் வரிசை, நடைபாதை ஓரத்து நாற்காலி. எந்த மாநாட்டிலும் அவருக்கு அதுதான் இடம். ஒலிவாங்கி வந்து சேரும்வரை காத்திருக்கும் பழக்கம் கிடையாது. "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. வெறும் தண்ணி என்ன காட்டுச்சு, அதைச் சொல்லுங்க" என்பார். முப்பத்தொரு வருஷமாக இதே கேள்விதான். மேடையில் நிற்பவர் எவ்வளவு பெரிய பேராசிரியராக இருந்தாலும் ஒரு தடவை எச்சில் விழுங்கிவிட்டுத்தான் பதில் சொல்வார்.

கேள்வியில் சூது ஒன்றும் இல்லை. எந்தப் பொருளையும் கரைத்து, எங்கள் இயந்திரத்தில் பிளாஸ்மா என்கிற கொதிக்கும் வாயுப் பிழம்புக்குள் தெளித்தால், அந்தச் சூட்டில் அது அணு அணுவாக உடையும். எந்த எடையில் எத்தனை அணு என்று இயந்திரம் எண்ணிச் சொல்லிவிடும். நீச்சல் குளத்தில் ஒரு சொட்டு நஞ்சு கலந்திருந்தாலும் பிடித்துவிடுகிற மூக்கு அதற்கு. அத்தனை கூர்மையான மூக்கு என்பதாலேயே, நம் கையில் பூசிய களிம்பையும் கூரையிலிருந்து உதிர்ந்த தூசியையும்கூட மாதிரியில் இருந்ததாக அது சாதிக்கும். ஆகவே ஒன்றும் போடாத வெறும் தண்ணீரை முதலில் அளந்துகொள்ள வேண்டும். படித்தவர்கள் முதலில் மறப்பது இதைத்தான் என்பது நெரினாவின் கட்சி.

லுப்லியானாவில் எங்கள் ஆய்வகத்தில் அவர் தொழில்நுட்ப உதவியாளர். முனைவர் பட்டம் கிடையாது. காலையில் ஆர்கான் வாயுவைத் திறந்து பிளாஸ்மாவைப் பற்றவைக்கும்போது "எழுந்திருடா சோம்பேறி" என்று ஒரு அதட்டல் போடுவார். சில நாட்களில் அது பற்றாமல் முரண்டு பிடிக்கும். அதட்டாமல் விட்டதுதான் காரணம் என்று எங்களில் பலர் இன்றைக்கும் நம்புகிறோம். மோதிரத்தோடு ஆய்வகத்துக்குள் யாரும் போக முடியாது. அவருடைய கல்யாண மோதிரமே முப்பது வருஷமாக வீட்டு அலமாரியில்தான் கிடக்கிறது. "எனக்கு ரெண்டாம் புருஷன் இடம்தான் வாய்ச்சது, மூத்தவன் அந்த இயந்திரம்" என்று கணவர் லிவியோ எங்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

மாநாட்டில் இயந்திரக் கடைகளுக்குள் நுழைந்தால் விற்பனையாளர்கள் நிமிர்ந்து நின்றுகொள்வார்கள். நெரினா முன்பக்கம் பார்ப்பதே இல்லை. நேரே பின்னால் போய் விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்ப்பார். "மூஞ்சி பளபளன்னு இருக்கு தம்பி, முதுகைக் கழுவலையே!" அவர்கள் இலவசமாகத் தரும் பேனாக்களைக் கூச்சமே இல்லாமல் கைநிறைய அள்ளிக்கொள்வார். குப்பிகளில் பெயர் எழுதத் தோதான பேனா எது என்று அவருக்குத் தெரியும்.

இந்தப் பிப்ரவரியில் மாநாடு பொர்தொரோஷில், கடலைப் பார்த்த விடுதியில் நடந்தது. வெளியே வாடைக்காற்று ஆளைத் தள்ளிக்கொண்டிருந்தது. எங்கள் இயக்குநர் டாக்டர் வொய்கோ பேசவிருந்த தலைப்பு: 'நம் கரையின் கடலுப்பில் ஆர்செனிக்'. கட்டுரையின் கீழே ஆசிரியர் பட்டியலில் நான்காவதாக நெரினாவின் பெயர். அவர் அளந்து கொடுத்த எண்களை வைத்து எத்தனையோ பேர் பட்டம் வாங்கியிருக்கிறார்கள். அவர் பெயர் அச்சில் வந்தது இதுதான் முதல் தடவை. அந்தப் பக்கத்தை லிவியோ சட்டம் போட்டு மாட்டுவதாக இருந்தார்.

ஆனால் கட்டுரையில் இருந்த ஆர்செனிக் எண் பொய். முழங்கால் அறுவைச் சிகிச்சைக்காக நெரினா விடுப்பில் இருந்தபோது, கட்டுரை அனுப்பும் கடைசித் தேதி நெருங்கிவிட்ட அவசரத்தில் டாக்டர் தாமே அளந்துவிட்டார். உப்பில் குளோரின் இருக்கிறது, எடை முப்பத்தைந்து. பிளாஸ்மாவில் ஆர்கான், எடை நாற்பது. இரண்டும் கைகோத்துக்கொண்டு வந்தால் எழுபத்தைந்து. ஆர்செனிக்கின் எடையும் எழுபத்தைந்துதான்; இயந்திரத்துக்கு வித்தியாசம் தெரியாது. ஆகவே உப்பை அளக்கும்போது வழியில் ஹீலியத்தை நிரப்பி வைப்போம். பருத்த ஜோடி அந்தக் கூட்டத்தில் இடிபட்டுப் பின்தங்கும். ஒற்றை ஆர்செனிக் நுழைந்து வந்துவிடும். அன்றைக்கு ஹீலியம் உருளை காலி. பதிவேட்டில் நானும் பார்த்தேன். ஏப்ரலில் என் வேலை ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டும். வாயில் கொழுக்கட்டையோடு இருந்துவிட்டேன். விடுப்பு முடிந்து வந்த நெரினா எல்லாவற்றையும் மறுபடி அளந்து டாக்டரிடம் காட்டினார். "இனிமே மாத்த நேரமில்லை" என்று அவர் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

காலைக் காப்பியின்போது டாக்டர் எங்கள் மேசைக்கு வந்தார். "நெரினா, இன்னைக்கு ஒரு நாள் கையைத் தூக்காதீங்க. பத்திரிகைக்காரங்க வந்திருக்காங்க. உங்க பேரும் அதுல இருக்கு."

"அதனாலதான் டாக்டர் தூக்கப்போறேன்."

"உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"இந்தக் கரையில உப்பு வாருறவனுக்கு எது நல்லது? நாளைக்குப் பேப்பர்ல வந்தா, வர்ற கோடையில ஒரு பிடி விக்குமா?"

டாக்டர் பேசி முடித்தார். கடைசிப் படத்தில் அந்த எண் சிவப்பில் நின்றது. பின்வரிசையில் பக்கத்து ஊரான கோப்பெரிலிருந்து வந்த பத்திரிகைக்காரி பரபரவென்று எழுதிக்கொண்டிருந்தாள். கைதட்டல் ஓயவில்லை, கை மேலே போய்விட்டது.

"வெறும் உப்புத் தண்ணி என்ன காட்டுச்சு?"

"அளவு ஏற்கெனவே தெரிஞ்ச சான்று மாதிரியை அளந்தோம், ரொம்பச் சரியா வந்தது."

"எது, அந்த ஆத்துத் தண்ணி மாதிரியா? அதுல உப்பு ஏது? மீனே வாங்காத வீட்டுல மீன் நாத்தம் இல்லைன்னா அது ஒரு அதிசயமா டாக்டர்?"

அரங்கம் சிரித்தது. "நாம அப்புறம் பேசிக்கலாமே" என்றார் டாக்டர்.

"அப்புறம் பேப்பர் பேசும்." வலிக்கிற காலை ஊன்றி நெரினா எழுந்து நின்றார். "ஆய்வகத்துக்குன்னு வாங்கின சுத்த உப்பை நான் அளந்தேன். ஹீலியம் இல்லாம அளந்தா அதுலயும் இதே ஆர்செனிக். ஹீலியம் நிரப்பினா அதுலயும் சரி, கரை உப்புலயும் சரி, நம்ம இயந்திரத்துக்கு எட்டற அளவுக்கு ஒண்ணும் இல்ல. எல்லா எண்ணும் என் கையில இருக்கு."

உப்புத் தின்றவன் தண்ணீர் குடித்தாக வேண்டும். டாக்டர் வொய்கோ மேடையில் இருந்த கண்ணாடிக் குவளையை ஒரே மூச்சில் காலி செய்தார். தலைமை வகித்த போலந்துக்காரப் பேராசிரியை ஹலினா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மறுபடி அளந்த பிறகு முடிவு செய்யலாம் என்று கூட்டத்தைக் கலைத்தார். நெரினாவுக்கு ஆதரவாக எழுந்து ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். நான் பேசவில்லை. அந்த வெட்கம் எனக்கு இன்னும் இருக்கிறது.

மதியச் சாப்பாட்டு மேசைகளில் அவித்த முட்டை, கசப்புக் கீரை, ஆலிவ் எண்ணெய், கிண்ணங்களில் இந்தக் கரையின் உப்பு. உலகமெங்கும் இருந்து வந்த இருநூறு வேதியியலாளர்கள். நெரினா சொன்னது உண்மையா, டாக்டர் சொன்னது உண்மையா என்று தெரியாமல் அத்தனை பேரும் உப்பில்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பத்திரிகைக்காரி குறிப்பேட்டை மூடாமல் எங்கள் மேசையிலேயே வந்து உட்கார்ந்திருந்தாள். டாக்டர் தட்டோடு வந்து எதிரே அமர்ந்தார்.

"கட்டுரையிலேருந்து உங்க பேரை எடுத்துடறேன்" என்றார், மெதுவாக.

"எடுங்க" என்றார் நெரினா. "அந்த எண்ணையும் சேர்த்து எடுங்க."

பிறகு ஒரு முட்டையை எடுத்து நிதானமாக உரித்துக் கத்தியால் இரண்டாக வகிர்ந்தார். கிண்ணத்திலிருந்து மூன்று விரல் உப்பை அள்ளி ஒரு பாதியில் தூவி, டாக்டரைப் பார்த்துக்கொண்டே மென்று விழுங்கினார். மற்றப் பாதியிலும் அதே அளவு தூவினார். கையை நீட்டி, அதை டாக்டர் வொய்கோவின் தட்டில் வைத்தார்.