டின் மீன் பேணிக்குள் ஒரு குரல்

என் மனைவிக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. கைகளால் பேசுவாள், என்னை ஏசுவதற்கும் அந்தக் கைகளே தாராளம். மகளுக்கு மூன்று வயதானபோது ஒரு நாள், ‘இவளுக்குக் கணீரென்ற குரலாம். ஊரே சொல்கிறது. எனக்கு மட்டும் தெரியாது’ என்று கைகளால் சொன்னாள். அவள் முகம் வாடியதை என்னால் பொறுக்க முடியவில்லை.

நான் செட்டிபாளையத்தில், வீட்டு முற்றத்திலேயே மோட்டார் சைக்கிள் திருத்துகிறவன். சைலன்சருக்குள் ஒரு வெற்று அறை உண்டு. அதன் அளவு பொருந்தினால் இஞ்சின் இரைச்சலை அடக்கிவிடும். கோவில் மத்தளத்திலோ அதே வெற்றிடம் ஒலியைப் பெருக்கித் தருகிறது. எந்த வெற்றிடமும் தனக்கு இசைந்த ஒலிக்குத்தான் துள்ளும். இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த விஞ்ஞானம்.

பால்மா வந்த பெரிய தகரப் பேணியொன்றின் பக்கத்தில் துளையிட்டு, அதன் வாயில் பலூனை இழுத்துக் கட்டி, மேலே சீனி தூவினேன். துளையருகே “ஓ” என்றேன். சீனி துள்ளியது. மனைவிக்கு ஒரே குதூகலம். மகள் “அம்மா” என்று கத்தினாள். சீனியில் ஒரு மணிகூட அசையவில்லை. மறுபடியும் கத்தியதில் அவளுக்கு இருமல்தான் வந்தது. மனைவி பரவாயில்லை என்று தலையசைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பிழை பிறகுதான் பிடிபட்டது. அந்தப் பேணி என் தடித்த குரலுக்கு அளவானது. பிள்ளையின் கீச்சுக் குரலுக்குச் சின்னப் பேணி வேண்டும். கடைக்கு ஓடி ஒரு சின்ன டின் மீன் கேட்டேன்.

“என்ன தம்பி, வாவிக்குள்ள மீன் முடிஞ்சித்தா?” என்றார் கடைக்கார அக்கா. எங்கள் ஊருக்கு ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். நடுவில் நின்று டின் மீன் வாங்கினால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்?

கழுவிய பேணியில் பலூனைக் கட்டினேன். மகள் “அம்மா” என்றாள். சீனி குதித்தது! மனைவி மூக்கு முட்டக் குனிந்து பார்த்தாள். திரும்பத் திரும்பக் கூப்பிடச் சொன்னாள். நான் அழுதேன். அதில் எனக்கு வெட்கமில்லை.

மகள் பேணியைத் தாயின் பக்கம் தள்ளினாள்.

“அம்மா, இப்ப நீங்க.”

மனைவி தயங்கினாள். சிறுவயதில் யாரோ சிரித்ததிலிருந்து அவள் பிறர் முன்னால் குரலெடுத்ததேயில்லை. மகள் விடவில்லை. கடைசியில் துளையருகே வாய் வைத்து, சீனியையே பார்த்தபடி ஒரு சத்தமிட்டாள். சீனி மேசையெங்கும் சிதறியது.

“அப்பா, அம்மாட சத்தம்தான் பெரிசு!” என்று மகள் கைகொட்டினாள்.

இப்போதெல்லாம் சோறு ஆறினால் மனைவி வாசலில் நின்று என்னைக் குரல் வைத்தே கூப்பிடுகிறாள். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தாலும் எனக்குக் கேட்கிறது.