ஐந்து சிவப்புப் புள்ளிகள்

எட்டாம் வகுப்புக்கு இந்தியா வரைபடம் நடத்துகிற நான் ஓசூரைத் தாண்டியதில்லை. அண்ணி இதைச் சொல்லிச் சொல்லியே கிண்டல் செய்வார். போகட்டும், என் மனசு போயிருக்கிற தூரம் அவருக்கு எங்கே தெரியும்? கடத்தூரில் எங்கள் வீட்டு உள்ளறைச் சுவரில் ஒரு இந்தியா படம் மாட்டியிருந்தேன். எனக்குப் பிடித்த ஆண்கள் இப்போது எந்தெந்த ஊரில் இருக்கிறார்களோ, அங்கெல்லாம் சிவப்புப் பேனாவால் ஒரு புள்ளி. மொத்தம் ஐந்து.

பதினொன்றாம் வகுப்பில் பஸ்ஸில் எனக்கு இடம் பிடித்து வைத்த, வீட்டில் கன்னடம் பேசுகிற பையன் புனேயில் கார் கம்பெனியில் இருக்கிறான். பி.எட். படிக்கும்போது மாதா கோயில் பாட்டுக்குழுவில் பாடியவன் ராணுவத்தில் சேர்ந்து ஜோர்ஹாட்டில் இருக்கிறான். எங்கள் நிலத்தில் போர்வெல் போட வந்த லாரியின் மேனேஜர் இப்போது ராய்ப்பூர் பக்கம் துளை போட்டுக்கொண்டிருக்கிறார். அவரைப் பிடித்திருந்தது மூன்றே நாள்தான். அதற்கும் புள்ளி உண்டு. தண்ணீர் வரவில்லை, அது வேறு கதை. மற்ற இருவர் சூரத்திலும் விசாகப்பட்டினத்திலும்.

ஐந்து பேரிடமும் நானே போய்ச் சொன்னேன். அவர்களாக வந்து சொல்லட்டும் என்று காத்துக் கிடக்கவில்லை. இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள். மூன்று பேரைப் பழகிப் பார்த்து நான் வேண்டாம் என்றேன். அழுதேன்தான். ஆனால் எவன் காலிலும் விழவில்லை. இதில் எனக்குக் கர்வம் உண்டு, ஏன் மறைக்க வேண்டும்?

அம்மா அந்தப் புள்ளிகளை வேறு மாதிரி புரிந்துகொண்டிருந்தார். என்னிடம் படித்த பிள்ளைகள் வேலைக்குப் போயிருக்கிற ஊர்கள் என்று அவராகவே முடிவுகட்டி, தெரு முழுக்கச் சொல்லியும் வைத்திருந்தார். நான் திருத்தவில்லை. அது என் தப்புதான்.

போன தை மாதம் காரிமங்கலத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். எனக்கு முப்பத்து மூன்று வயது. மாப்பிள்ளை சொந்தமாக லாரி வைத்து ஓட்டுகிறவர். செருப்பை வாசலில் ஜோடி சேர்த்து விட்டுவிட்டு அவர் உள்ளே வந்தபோதே எனக்குப் பிடித்துவிட்டது. இந்த இடம் அமைய வேண்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். எங்கள் பக்கம், பேச்சு உறுதியாகாத வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். காபி, மிக்சரோடு சரி. சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதனால் அம்மா விருந்து எதுவும் சமைக்கவில்லை.

அதற்குப் பதிலாகப் பெருமை பேசினார். மாப்பிள்ளையை உள்ளறைக்கே கூட்டிவந்து படத்தைக் காட்டினார்.

"எம் பொண்ணுகிட்டப் படிச்ச பசங்க எங்கெங்க வேலைல இருக்காங்க பாருங்க தம்பி. அசாமுல கூட ஒருத்தன் இருக்கான். சரி, நீங்க ரெண்டு பேரும் பேசிட்டு இருங்க."

அம்மா வெளியே போனதும் அவர் படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றார். "இந்த அஞ்சு ஊருக்கும் நான் லோடு ஏத்திட்டுப் போயிருக்கேங்க. ஜோர்ஹாட் பையன் எந்த வருசம் உங்ககிட்டப் படிச்சான்?"

ஏதாவது ஒரு வருடத்தைச் சொல்லியிருக்கலாம். கல்யாணமும் நடந்திருக்கும். ஆனால் அந்த ஐந்து பேர் முன்னால் தைரியமாகப் போய் நின்றாளே, அப்படி ஒருத்தியே இல்லை என்று நானே சொன்னதாகியிருக்கும்.

"எங்கிட்டப் படிச்சவங்க இல்லைங்க. நான் ஆசைப்பட்டவங்க. அம்மாவுக்குத் தெரியாது."

அவர் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவங்களுக்குத் தெரியுங்களா?"

"நானே சொன்னேங்க. அஞ்சு பேருகிட்டயும்."

"எனக்கும் ரெண்டு பேரு இருந்தாங்க. ஒருத்திகிட்டகூட வாயத் தொறக்கலைங்க" என்றார். பிறகு கூடத்துக்குப் போய்விட்டார்.

போச்சு என்று கட்டிலில் உட்கார்ந்தேன். வருத்தமாக இருந்தது, வெட்கமாக இல்லை.

கூடத்தில் அவர் குரல் கேட்டது. "பசிக்குதுங்க அத்தை. சாப்பிட என்ன இருக்குது?"

"என்னடா இது" என்றார் அவருடைய அம்மா. என் அம்மா அடுக்களைக்கு ஓடினார். வீட்டில் காலையில் கிண்டிய களியும் அவரைக்கொட்டைக் குழம்பும்தான் இருந்தன. "மாப்பிள்ளைக்குக் களியா போடறது?" என்று அண்ணி முணுமுணுத்தார். அதுவே போதும் என்றார் அவர்.

நான் எழுந்து போய்ச் செம்பில் தண்ணீர் மொண்டு வந்தேன். எல்லார் முன்னாலும், தலை குனியாமல், அவர் கையில் ஊற்றினேன்.