மதாமின் அடுப்பில் எங்கள் பால்

இன்று பியர்பொன்ட்ஸ் ஊரில் எங்கள் புது வீட்டில் பால் காய்ச்சினோம். வீடுதான் இன்னும் கைக்கு வரவில்லை.

வீட்டை எங்களுக்கு விற்கிற பிரெஞ்சுக்கார மதாம், தான் குடிபோக ஒரு கொண்டோ, அதாவது மாடிக்குடியிருப்பு வீடு, வாங்குகிறார்; அதில் இருப்பவர்கள் இன்னும் வெளிக்கிடவில்லை. அதனால் மதாமாலும் வெளிக்கிட முடியவில்லை. நாங்களோ ஜூனோடு வாடகை வீட்டை விட்டுவிட்டு, பெரியம்மா வீட்டு ஹோலில் படுக்கிறோம்.

இதற்கிடையில் நாளை ஆடி பிறக்கிறது.

"ஆடியில குடிபுகேலாது. ஆவணி மட்டும் பொறுக்கோணும்," என்றார் அப்பா.

"அதுமட்டும் அக்கான்ர ஹோலிலயோ கிடக்கிறது?" என்றார் அம்மா.

அப்பா யோசித்தார். "இப்பவே பாலைக் காய்ச்சினா, பேந்து எப்ப போனாலும் பிழையில்லை."

பீட்சாவுக்குப் போன் பண்ணவே கூசும் நான், மதாமிடம் பிரெஞ்சில் கேட்டேன்: "உங்கள் குசினியில் கொஞ்சம் பால் பொங்க விடலாமா?"

"தாராளமாக," என்று சிரித்தார். "பானையைக் கொண்டுவாருங்கள். என்னுடையவை பெட்டிக்குள் போய்விட்டன."

பால் பொங்கி எழுந்ததும் மதாம் அடுப்பை அணைக்கப் பாய்ந்தார்.

"விடுங்கோ, விடுங்கோ!" என்று அம்மா தமிழிலேயே கத்தினார்.

வழிந்தால்தான் நல்லது என்று நான் விளக்குவதற்குள் அடுப்பெல்லாம் பால். இருவரும் சேர்ந்து துடைத்தார்கள். பிறகு எல்லோரும் பெட்டிகளின் மேல் இருந்து தேநீர் குடித்தோம். அப்பாவின் முகத்தில் இந்த மாதத்தின் முதல் சிரிப்பு.

புறப்படும்போது மதாம் மெதுவாகக் கேட்டார்: "அந்தக் கொண்டோவிலும் பால் காய்ச்சினால் அவர்கள் கிளம்புவார்களா?"

அப்பா இப்போது பஞ்சாங்கத்தைப் புரட்டிக்கொண்டிருக்கிறார். அடுத்தவரை வீட்டிலிருந்து கிளப்ப நல்ல நேரம் எது? தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.