செல்வராணியின் மூக்கு

ஞாயிற்றுக்கிழமை மும்பை செம்பூரில் காய் வாங்கிக்கொண்டிருந்தபோது செல்வராணியின் கணவர் போன் செய்தார். "செல்வராணி காலையில போயிட்டா. நெஞ்சுவலி." பையை அங்கேயே வைத்துவிட்டு தாராவிக்கு ஓடினேன்.

ஸ்காட்லாந்திலிருந்து சிங்கிள் மால்ட் விஸ்கி தருவிக்கும் அலுவலகத்தில் செல்வராணியும் நானும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தோம். நான் விற்பனைப் பிரிவு. எந்தப் பீப்பாயை வாங்கலாம் என்று முகர்ந்து, சுவைத்துச் சொல்வது அவள் வேலை.

ஓட்டல்களில் ரசனை வகுப்பும் எடுப்பாள். "மூக்கைக் கிளாசுக்குள்ள குத்தாதீங்க. வாயை லேசாத் திறந்து மோந்து பாருங்க. ரெண்டு சொட்டுத் தண்ணி விட்டா, அதுவே பேசும்." ஒருமுறை ஒருவர், "தாராவியில் வளர்ந்த மூக்குக்கு இதெல்லாம் எப்படித் தெரிந்தது?" என்று கேட்டார். "எங்க தெருவுல தோலு, சோப்பு, கருவாடு எல்லாம் ஒண்ணா மணக்கும் சார். அதுல எங்க வீட்டுக் கொழம்பைத் தனியாக் கண்டுபிடிச்சவ நான்" என்றாள். அரங்கமே கைதட்டியது.

பெருந்தொற்றுக் காய்ச்சல் அந்த மூக்கைப் பறித்துக்கொண்டது. முதலாளியிடம் சொன்னாள். அவரோ, "இந்தப் பீப்பாயை வாங்குறதுன்னு முடிவு பண்ணியாச்சு. நீ சும்மா மோந்து தலையாட்டு, அது போதும்" என்றார். அன்று வியாபாரிகள் நிறைந்த கூட்டத்தில் அவள் கிளாசை எடுத்தாள், கீழே வைத்தாள், எழுந்து நின்றாள். "மன்னிக்கணும். காய்ச்சலுக்குப் பொறவு எனக்கு மணம் தெரியல. இதைப் பத்தி நான் பேசக் கூடாது."

மறுநாள் அவளைக் குடோனுக்கு மாற்றினார்கள். அங்கேயும் காலைதோறும் கிராம்பு, காப்பித்தூள், எலுமிச்சைத் தோல் என்று முகர்ந்து மூக்கை மறுபடி பழக்கினாள். நான் வருந்தியபோது, "இன்னிக்கு தெரியாததைத் தெரியும்னு சொன்னா, நாளைக்கு எவன்ட்டி நம்புவான்?" என்றாள்.

பல மாதங்கள் கழித்து, குடோனில் ஒரு பாட்டில் கைதவறி உடைந்தது. மாடிக்கு ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். "ஏட்டி, புகை வாசம் அடிக்கு! அடியில கடல் உப்பும் இருக்குட்டி!" கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே நின்று இருவரும் அழுதோம்.

அன்றைய கூட்டத்தில் இருந்த வியாபாரிகள் அவளை மறக்கவில்லை. "செல்வராணி மேடம் சொன்னால் மட்டுமே வாங்குவோம்" என்றார்கள். முதலாளியே குடோனுக்கு இறங்கிப் போய் அவளை அழைத்து வந்தார். சுவை பார்ப்பவரின் நாற்காலியில் கடைசிவரை அவள்தான் இருந்தாள்.

இந்த வாரம் அதில் என்னை உட்காரச் சொன்னார்கள். முதல் கிளாஸ் எனக்குப் பிடிபடவில்லை. எல்லோரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "எனக்குத் தெரியவில்லை" என்றேன், குரல் நடுங்காமல். அவளிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அதுதான்.