வலையில் மாட்டிய மான்

திருகோணமலை நகரத்துக்குள் புள்ளிமான்கள் ஆடு மாடு போலத் திரியும். கோட்டைப் பக்கம் மரநிழலில் படுத்திருக்கும். பஸ் நிலையத்தில் வாழைப்பழத் தோலுக்காக நிற்கும். கலியாணம் முடித்துக் கிளிவெட்டியிலிருந்து இங்கே வந்த நாளிலிருந்து எனக்கு அவற்றின்மேல் நல்ல பிரியம். வீட்டு வளவில் வெண்டி நடும் வரைக்கும் அந்தப் பிரியம் இருந்தது.

போன சித்திரையில்தான் நட்டேன். எங்கள் வளவு வெறும் கடல்மணல். ஊரிலிருந்து இரண்டு சாக்கு மாட்டெருவை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தேன். நடத்துநர் மூக்கைப் பொத்தியபடி, "அக்கா, அடுத்த முறை பூ கொண்டு வாங்கோ" என்றார். வெண்டி, பயற்றை, நாலு கத்தரி, மதிலோரம் செவ்வரத்தை. வைகாசியில் கச்சான் காற்று கிளம்பி, அடுப்பு வாயிலிருந்து வருவது போல் அடித்தது. காலையும் மாலையும் கிணற்றில் அள்ளி ஊற்றினேன். கன்றுகள் பிழைத்துவிட்டன. பயற்றை பூக்கவும் தொடங்கியது.

ஒருநாள் விடியப் பார்த்தால் வெண்டி எல்லாம் மொட்டைக் குச்சி. செவ்வரத்தையில் ஒரு பூ இல்லை. மணலில் குளம்படி. தெருப்பக்கத்து மதில் ஓரிடத்தில் இடிந்திருந்தது. அந்த வழியாகத்தான் மான் வந்திருக்கிறது.

பக்கத்து வீட்டு டீச்சர் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். மூதூர்க்காரர், ஓய்வு பெற்றும் எல்லாருக்கும் டீச்சர்தான்.

"வேலி போடுங்க தங்கச்சி. போடாட்டி நாளைக்குக் கத்தரியையும் திண்டுட்டுப் போயிரும்."

துறைமுகத்தில் வேலை செய்யும் என் கணவர், மீனவ நண்பர் ஒருவரிடம் பழைய வலை வாங்கி வந்தார். இருவருமாக இடிந்த இடத்தை மூடிக் கட்டினோம். கட்டி முடித்தபோது எனக்குப் பெருமையாகவே இருந்தது.

மூன்றாம் நாள் காலை. குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். வெளியே தகரம் புரளுவது போல் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தேன். கிளைக் கொம்புள்ள பெரிய ஆண்மான் ஒன்று வலைக்குள் தலையைக் கொடுத்துவிட்டு நின்றது. இழுக்க இழுக்க வலை கொம்பில் சுற்றியது. வாயில் நுரை. அதன் கண்ணைப் பார்த்ததும், வெண்டிக்காக மூன்று நாளாக நான் திட்டிய திட்டெல்லாம் எனக்கே கூசியது.

கணவர் கத்தரிக்கோலோடு வந்தார்.

"கிட்டப் போகாதேங்கோ, கொம்பு குத்திப்போடும்" என்றேன்.

"நீர் தள்ளி நில்லும். இப்பிடியே விட்டால் கழுத்து இறுகிப்போடும்."

ஆனால் அவர் ஓரடி வைத்தால் மான் நாலடி துள்ளியது. அவரால் நெருங்க ஏலவில்லை. அதற்குள் டீச்சர் கேற்றைத் திறந்துகொண்டு வந்துவிட்டார். கையில் ரோசாப்பூப் போட்ட கட்டில் விரிப்பு.

"கண்ண மூடினா அடங்கிரும். எங்கட வாப்பா மாட்டுக்கு இப்பிடித்தான் செய்யிற" என்று சொல்லிக்கொண்டே, பின்பக்கமாகப் போய் அதன் தலைமேல் விரிப்பை எறிந்தார்.

மான் அப்படியே நின்றுவிட்டது. விலா மட்டும் ஏறி இறங்கியது. கணவர் ஒவ்வொரு கண்ணியாக வெட்டினார். நான் விரிப்பின் ஓரத்தைப் பிடித்திருந்தேன். துணிக்குள்ளிருந்து வந்த சூடான மூச்சு என் கையில் பட்டது. கடைசி இழை அறுந்ததும் மான் உதறிக்கொண்டு பாய்ந்தது. விரிப்பு கொம்பில் மாட்டியபடியே போனது. தெருவில் ரோசாப்பூ பறக்க அது ஓடியதைப் பார்த்து, காலையில் ரொட்டி விற்க வரும் பாண்காரர் ஓட்டோவை ஓரங்கட்டி நிறுத்திவிட்டார்.

டீச்சர் இடுப்பில் கைவைத்தபடி பார்த்துக்கொண்டு நின்றார். "மகள் கட்டாரில இருந்து அனுப்பினது. ஒருநாள் கூட விரிக்கல்ல."

முதலில் சிரித்தவர் அவர்தான். பிறகு நாங்கள் மூவரும் சிரித்து அடங்க நேரமெடுத்தது. பின்னேரம் தெரு முனையில் விரிப்பு கிடந்தது. நான் தோய்த்துக் கொடுத்தேன். ஒரு மூலை மட்டும் கிழிந்திருந்தது.

அன்றைக்கே மிச்ச வலையை அவிழ்த்துவிட்டேன். மதிலை மேசன் ஒருவர் கட்டித் தர வாரக் கணக்காகும் என்றார். ஆகவே சீமெந்துச் சாக்குகளில் மண் நிரப்பிக் கத்தரிகளைப் பெயர்த்து மொட்டைமாடிக்கு ஏற்றினோம். வெண்டியும் பயற்றையும் அங்கே புதிதாக விதைத்தேன். கீழே நித்தியகல்யாணி நட்டேன். அதன் கசப்புக்கு மான் வாய் வைப்பதில்லை. மேலே காற்று அதிகம், ஒவ்வொரு கன்றுக்கும் கம்பு ஊன்ற வேண்டியிருந்தது. ஆனால் தண்ணீர் ஊற்றும்போது துறைமுகம் முழுக்கத் தெரியும்.

இப்போது டீச்சரும் தன் மாடியில் பாகல் போட்டிருக்கிறார். பின்னேரங்களில் மாடிக்கு மாடி எங்கள் கதை நடக்கும். நேற்று என் வெண்டியைப் பார்த்துவிட்டு, "முத்தப் போகுது, இண்டைக்கே ஆயுங்க" என்றார். பதினொரு காய் தேறியது. பாதியை ஒரு பையில் போட்டு அவருக்கு எறிந்தேன், சரியாகப் பிடித்துக்கொண்டார்.