தகப்பன் வராத ஞானஸ்நானம்

கோயில் வாசலில் நின்று பாதரோடு சண்டை பிடித்தவள் என்று கொழும்பு கொட்டாஞ்சேனையில் எனக்கு ஒரு பெயர் உண்டு. பொய்யில்லை, பிடித்தேன்தான். ஏன் பிடித்தாய் என்று இன்றுவரை ஒருவரும் கேட்கவில்லை. கேட்காவிட்டால் என்ன, நானே சொல்லிவிடுகிறேன்.

யுத்த காலம். மன்னார்ப் பக்கம் எங்கள் ஊரில் இருந்த என் தங்கச்சி, வயிற்றில் தலைப்பிள்ளையோடு கொழும்புக்கு வந்தாள். புருஷனும் கூட வந்தார். துறைமுகத்தில் கிளார்க் வேலை பார்த்த என் கணவரின் சம்பளத்துக்கு எங்களுக்கு வாய்த்தது ஒரு அறையும் சமைக்க ஒரு குசினியும்தான். அதில் இன்னொரு குடும்பம் எங்கே படுப்பது? அதனால் அவர்கள் வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் அறை எடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார்கள்.

தங்கச்சியின் புருஷன் இடக்கைக்காரர். சாப்பாட்டை மட்டும் கஷ்டப்பட்டு வலக்கையால் சாப்பிடுவார், மற்ற எல்லாவற்றுக்கும் இடக்கைதான். சிலுவை அடையாளம் போடுவதும் இடக்கையால்தான். சின்ன வயதில் சுவாமிமாரிடம் இதற்காக எத்தனை அடி வாங்கினாரோ, திருந்தவில்லை. "உம்மட ஜெபம் மேல போகாது, பக்கத்து வீட்டுக்குத்தான் போகும்" என்று என் கணவர் பகிடி பண்ணுவார். "பரவாயில்லை அண்ணை, பக்கத்து வீட்டுக்காரரும் நல்லா இருக்கட்டும்" என்பார் அவர். கோபமே வராத மனுசன்.

ஒரு நாள் காலை ஆமியும் பொலிசும் லொட்ஜைச் சுற்றி வளைத்தார்கள். ஆண்களை எல்லாம் ரோட்டில் நிறுத்தி, அடையாள அட்டையில் பிறந்த ஊரைப் பார்த்துப் பார்த்து, இளம் ஆட்களை ட்ரக்கில் ஏற்றினார்கள். ஏறும்போது அவர் திரும்பி, "பின்னேரம் வந்திடுவன், நீ சாப்பிடு" என்றாராம். அன்று பின்னேரம் வரவில்லை. பிறகு எந்தப் பின்னேரமும் வரவில்லை. நானும் அவளும் பொலிஸ் ஸ்டேஷன் ஸ்டேஷனாக ஏறினோம். எல்லா இடத்திலும் சிங்களத்தில் ஒரே பதில்தான். "மெஹே நெஹே, நோனா." இங்கே இல்லையாம். இங்கே இல்லாத ஆள் வேறு எங்கே என்று கேட்டால், அடுத்த ஸ்டேஷனுக்குப் போகச் சொல்வார்கள்.

பிள்ளை பிறந்தான். தங்கச்சியை நான் என் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். நெருக்கியடித்துப் படுத்தோம். ஞானஸ்நானப் பேச்சை எடுத்தால் மட்டும் அவள் முகம் இறுகிவிடும். "அவர் வரட்டும் அக்கா." ஆனால் பிள்ளைக்குச் சளி நெஞ்சில் கட்டிக்கொண்டது. ஒரு கிழமை ஆஸ்பத்திரியில், அவன் மூச்சு இழுக்க இழுக்க நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவளாகவே, "தண்ணி வார்ப்பம் அக்கா" என்றாள். சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

எங்கள் கோயிலில் கேட்டேன். பாதர் வயதானவர், எனக்குக் கலியாணம் முடித்து வைத்ததும் அவர்தான். ஊர்ப் பங்குக் கோயிலிலிருந்து கடிதம் வேண்டும் என்றார். ஊரில் கோயிலுக்குக் கூரை இல்லை, சனம் காட்டுப் பக்கம் போய்விட்டது, சனத்தோடு ஊர்ப் பாதரும் போய்விட்டார். கடிதத்தை யார் எழுதுவது, காகமா? அப்படித்தான் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. தகப்பன் எங்கே என்று கேட்டார். பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றதும் அவர் பார்வை ஜன்னல் பக்கம் போனது. "பொலிஸ் வந்து கேட்டா நான் என்ன சொல்லுறது பிள்ளை" என்றார் மெதுவாக.

வெள்ளவத்தைக்குப் போனோம். அங்கே இளம் பாதர், தேத்தண்ணி எல்லாம் தந்து மரியாதையாகக் கதைத்தார். கடைசியில், "தகப்பன் வந்த பிறகு சந்தோஷமாச் செய்வமே" என்றார். பஸ்ஸில் திரும்பும்போது தங்கச்சி பிள்ளையின் தலையைச் சேலைத் தலைப்பால் மூடியபடி, "அந்தப் பாதர் நல்லவர் அக்கா. அவர் வருவார் எண்டுதானே சொன்னவர்" என்றாள். எனக்கு அழுகையா ஆத்திரமா என்று தெரியவில்லை.

அடுத்த நாளே அவளையும் இழுத்துக்கொண்டு திரும்ப எங்கள் பாதரிடம் போனேன். கோயில் வாசலிலேயே பிடித்துக்கொண்டேன். அவர் பிள்ளையைப் பார்த்தார். மூச்சு இழுப்பது அவருக்கும் கேட்டிருக்கும். தங்கச்சியின் பக்கம் திரும்பிச் சொன்னார்:

"மகள், விதவை எண்டா லேசு. தகப்பன் செத்துப்போனார் எண்டு நீங்கள் சொன்னா நான் மேல ஒண்டும் கேக்கமாட்டன். தாய் மட்டும் நிண்டா போதும்."

நல்ல மனத்தோடுதான் சொன்னார், அது எனக்கு இப்போது விளங்குகிறது. ஆனால் தங்கச்சி அதை எப்படிச் சொல்லுவாள்? அந்த ஒரு சொல்லைச் சொன்னால் பிள்ளைக்கு ஞானஸ்நானம். சொன்னால் அவரைத் தன் வாயாலேயே புதைத்தவள் ஆவாள். அவள் பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டு, "அவர் இருக்கிறார் பாதர்" என்றாள்.

அவ்வளவுதான், எனக்கு வந்ததே கோபம்!

"என்ன பாதர் கதைக்கிறீங்கள்? தாலி கட்டினவன் செத்தான் எண்டு சொல்லிப்போட்டோ பிள்ளைக்குத் தண்ணி வாங்கவேணும்? ஞானோபதேசத்தில நீங்கள்தானே படிப்பிச்சனீங்கள், அவசரத்துக்கு ஆரும் வார்க்கலாம் எண்டு. இந்தா, வீட்டுக்குப் போறன். குசினிப் பைப்பைத் திறந்து, பிதா சுதன் பரிசுத்த ஆவி எண்டு நானே வார்க்கிறன். பிறகு நீங்கள் நினைச்சாலும் ரெண்டாந்தரம் ஞானஸ்நானம் குடுக்க ஏலாது. அதுவும் தெரியுந்தானே உங்களுக்கு?"

செபமாலைக்கு வந்திருந்த பெண்கள் எல்லாம் எழும்பிப் பார்த்தார்கள். பாதரின் முகம் சிவந்து, பிறகு வாடிப்போனது. "தெரியும்" என்றார். "வியாழக்கிழமை பின்னேரம் வாங்கோ. மணி அடிக்கமாட்டன். ஆக்களைக் கூட்டாதேங்கோ."

வியாழக்கிழமை நாங்கள் நால்வரும் பிள்ளையும்தான். நான் ஞானத்தாய், என் கணவர் ஞானத்தகப்பன், தங்கச்சி, பாதர். பெரிய கதவைச் சாத்திவிட்டுப் பக்கக் கதவால் எங்களை உள்ளே எடுத்தார். ஒரு லைட் மட்டும் எரிந்தது. இது என்ன, களவெடுக்க வந்த மாதிரி என்று எனக்கு மனம் எரிந்தது. தங்கச்சி ஒன்றையும் கவனிக்கவில்லை. கலியாணச் சேலையை உடுத்திக்கொண்டு வந்திருந்தாள்.

பிள்ளைக்கு என்ன பெயர் என்று பாதர் கேட்டார், சொன்னாள். அவர் பிள்ளையின் நெற்றியில் சிலுவை அடையாளம் இட்டார். பிறகு பழக்கத்தில் புத்தகத்தைப் பார்த்து அப்படியே வாசித்துவிட்டார்: "இப்போது தகப்பனும் தாயும் பிள்ளையின் நெற்றியில் சிலுவை அடையாளம் இடட்டும்." இத்தனை நாளும் தகப்பன் தகப்பன் என்று எங்களை உருட்டிய மனுசன், அந்த நேரம் பார்த்து மறந்துபோனார். வாசித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

தங்கச்சி பிள்ளையை என் கையில் தந்தாள். வலக்கைப் பெருவிரலால் நெற்றியில் சிலுவை போட்டாள். முடிந்தது என்று நான் பிள்ளையை ஞானஸ்நானத் தொட்டிப் பக்கம் திருப்பப் போனேன். "பொறு அக்கா" என்றாள். இடக்கையைத் தூக்கினாள். பழக்கமில்லாத கை, கோடு வளைந்து வளைந்து போனது. மெதுவாக, நேராக வரவேண்டும் என்று கவனம் எடுத்து, இடக்கைப் பெருவிரலால் இன்னொரு சிலுவை போட்டாள்.

என் கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் வாய்விட்டு அழுதேன், கோயில் என்றும் பார்க்கவில்லை. பாதர் அவள் போட்டு முடிக்கும்வரை காத்துக்கொண்டு நின்றார். பிறகுதான் தண்ணீரை எடுத்தார். தண்ணீர் பட்டதும் பிள்ளை வீரிட்டு அழுதான். நெஞ்சில் சளி இருந்தும் நல்ல பெரிய குரல். எங்களை வெளியே விடும்போது பாதர் பக்கக் கதவைத் திறக்கவில்லை, போய்ப் பெரிய கதவைத் திறந்தார்.

வாசலில் இறங்கும்போது தங்கச்சியின் முகத்தில் அன்றுதான் ஒரு தெளிவைப் பார்த்தேன். "அவர் வந்தவுடன முதல் இதைத்தான் சொல்லுவன் அக்கா" என்றாள். "உங்கட சிலுவையையும் நானே போட்டிட்டன், உங்கட கையாலதான் போட்டனான் எண்டு."

பிள்ளை தப்பிவிட்டான், இப்போது என்னைவிட உயரம். யுத்தமும் முடிந்துவிட்டது. அவள் அதை அவரிடம் சொல்ல இன்னும் காத்துக்கொண்டிருக்கிறாள்.