ஆணியண்ணனின் பாதிப் பல்

எங்கள் பட்டறையில் யாருக்கும் சொந்தப் பெயர் நிலைத்ததில்லை. சோபா, நாற்காலி, கார் சீட் என்று எது வந்தாலும் பழைய உறையை உரித்துப் புது உறை போட்டுக் கொடுப்பது எங்கள் தொழில். உறை தைக்கிற எனக்கு மெஷினக்கா என்று பெயர். தைத்த உறையை இழுத்துப் பிடித்துக் கட்டையில் ஆணி அடிப்பவர் ஆணியண்ணன். அடிக்கிற ஆணிக்காக அந்தப் பெயர் வரவில்லை. வாயில் வைத்திருக்கும் ஆணிக்காக வந்தது. காலையில் உள்ளே நுழைந்ததும் ஒரு பிடி நீல நிறக் குட்டையாணியை அள்ளி வலது கன்னத்தில் அதக்கிக்கொள்வார். இடது கை ரெக்சினை இழுத்துப் பிடித்திருக்கும். நாக்கு ஒவ்வொரு ஆணியாக உதட்டுக்குத் தள்ளும், காந்தம் வைத்த சுத்தியல் அதைக் கவ்விக்கொண்டு போய்க் கட்டையில் இறக்கும். புதிதாக வருகிறவர்கள் விழுங்கிவிடப் போகிறார் என்று பதறுவார்கள். இத்தனை வருடத்தில் அவர் விழுங்கியது பேச்சை மட்டும்தான் என்று நான் சொல்வேன்.

வாயில் ஆணி இருக்கிறவரை அவருக்கு 'ம்ம்' ஒன்றுதான் மொழி. ஆனால் அதில் பல ரகம் உண்டு. மூக்கால் வெடுக்கென்று வந்தால் கத்தரி வேண்டும். நீண்டு கீழே இறங்கினால் என் தையல் கோணல், பிரித்துத் தை என்று அர்த்தம். இரண்டாக உடைந்து வந்தால் டீ. பட்டறையில் இது எனக்கு மட்டும்தான் அத்துப்படி. "அவர் என்னம்மா சொல்றார்?" என்று முதலாளியே என்னிடம்தான் கேட்பார். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அவருக்கு இன்னொரு பழக்கம். முடித்த எந்த இருக்கையையும் தான் உட்கார்ந்து பார்க்காமல் வெளியே விடமாட்டார். சாய்ந்து, கண்ணை மூடி, கைகளைத் தொங்கவிட்டு அசையாமல் கிடப்பார். லாரிக்காரன் வாசலில் ஹாரன் அடித்தாலும் எழ மாட்டார். "கண்ணுக்கு எல்லாம் நல்லாத்தான் தெரியும் தங்கச்சி. முதுகுதான் உண்மையச் சொல்லும்" என்பார்.

அப்படிப்பட்டவரின் கடைவாய்ப் பல் ஒன்று, வலது கீழ்வரிசையில், வேலையைக் காட்டத் தொடங்கியது. இடது பக்கத்துக் கடைவாய்ப் பற்களை அவர் எப்போதோ பிடுங்கிக் கொடுத்துவிட்டார். மென்று தின்ன மிச்சமிருந்தது இந்தப் பக்கம் மட்டும்தான். கிராம்பை வைத்தும் வெந்நீரைக் கொப்புளித்தும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார் என்று எழுத எனக்கும் ஆசைதான். பல்லைத்தான் கடிக்க முடியவில்லையே. கடைசியில் அண்ணி அவரைக் கையைப் பிடித்து அரசு சுகாதார நிலையத்துப் பல் பிரிவுக்கு இழுத்துப் போனார்.

அங்கே இருந்த டாக்டரம்மா படம் எடுத்துப் பார்த்துவிட்டு, பிடுங்க வேண்டாம், காப்பாற்றலாம் என்றாராம். அன்றே ஊசி போட்டுப் பல்லைக் குடைந்து, உள்ளே அழுகிய நரம்பை எடுத்துவிட்டார். மேலே தற்காலிகமாக ஒரு அடைப்பு. அடுத்த மாதம் வந்தால் நிரந்தரமாக அடைத்து, மேலே கேப் போட்டுவிடலாம். அதுவரை அந்தப் பக்கம் கடிக்கக் கூடாது, ஆணி கீணி வாய்ப் பக்கமே வரக் கூடாது.

ஊசி போட்டு மரத்துப்போவதற்காகக் காத்திருந்தபோது அண்ணன் சும்மா இருக்கவில்லை. அந்தச் சேரின் வலது கைப்பிடியில் ரெக்சின் கிழிந்து பஞ்சு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபின் அவருக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை. சட்டைப் பையில் எப்போதும் கிடக்கும் நீல ஆணியில் ஒன்றை எடுத்து, பஞ்சை உள்ளே தள்ளி, கிழிசலை அடிப்பக்கமாக மடித்துக் கட்டைவிரலால் ஆணியை அழுத்திவிட்டார். டாக்டரம்மா பார்த்துவிட்டார்.

"என் சேருக்கு நீங்க வைத்தியம் பாக்கறீங்களா?"

"இதுவும் தற்காலிகம்தாங்கம்மா. அடுத்த மாசம் வரும்போது ஒழுங்கா பண்ணித் தரேன்."

இதை அவரே எங்களிடம் சொன்னார். ஏனென்றால் அந்த மாதம் முழுக்க அவர் வாயில் ஆணி இல்லை. ஆணியைக் கிண்ணத்தில் வைத்து எடுத்ததால் வேலை பாதியாகக் குறைந்தது, பேச்சு பத்து மடங்கு கூடியது. இத்தனை வருடம் அடக்கி வைத்திருந்ததெல்லாம் மடை திறந்து கொட்டியது. மாமனார் வீட்டுச் சண்டை, மழையில் மாட்டிய கதை, அண்ணியை முதலில் பார்த்த கதை. "இவருக்கு இவ்வளவு பேச வருமா?" என்று முதலாளி என்னைக் கேட்டார். எனக்குமே அது புதுச் செய்தி. பல் முடிந்ததும் திரும்பவும் ஆணி ஏறிவிடும், அதுவரை கேட்டுக்கொள்வோம் என்று இருந்தேன்.

அடுத்த மாதம் போனார். பல் பிரிவு பூட்டிக் கிடந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை நான் ஒழுங்காகச் சொல்ல முயல்கிறேன், ஆனால் அதில் ஒழுங்கு எதுவும் இல்லை. வெள்ளையடிக்கிறார்கள் என்றார் காவலாளி. டாக்டரம்மாவுக்கு மாற்றல் என்றார் மருந்து கொடுப்பவர். பல் பிரிவையே பெரிய ஆஸ்பத்திரியோடு சேர்த்துவிட்டார்கள் என்றார் சீட்டு எழுதுபவர். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால், அப்படி யாரும் வந்து சேரவில்லையே என்று அவர்கள் விழித்தார்கள். அண்ணன் வாயைத் திறந்து காட்டினார். கவுன்டரில் இருந்தவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"ஆரம்பிச்சவங்கதாங்க முடிக்கணும். அடுத்தவங்க வேலையில நாங்க கை வைக்க முடியாது."

"அவங்கதான் இல்லையே சார்."

"அதுக்கு நாங்க என்ன பண்றது? புடுங்கணும்னா சொல்லுங்க, இன்னிக்கே உக்காருங்க. அது மட்டும் இங்க உண்டு."

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு தொலைபேசி எண் கொடுத்திருந்தார்கள். பட்டறையிலிருந்தே நான் போட்டுப் பேசினேன். நெடுநேரம் பாட்டுப் போட்டுவிட்டு ஒரு பெண் எடுத்தாள். கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, சிகிச்சை முடிந்துவிட்டதாக இருக்கிறது, நீங்கள் ஏன் கூப்பிடுகிறீர்கள் என்று மரியாதையாகக் கேட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பல்லு இங்க என் முன்னாடிதான் இருக்கு, வந்து பாக்கறியா?" என்று கேட்டேன். வைத்துவிட்டாள். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி அண்ணன் உட்கார்ந்திருந்தார்.

"நல்ல பல்லுக்கு வைத்தியம் வேணாம். கெட்ட பல்லுக்குக் குறடு இருக்கு. நடுவுல நிக்கற பல்லுக்கு எந்த ஊர்லதான் ஆள் இருக்காங்க தங்கச்சி?"

அந்த வாரம்தான் அடைப்பின் ஒரு மூலை பெயர்ந்து சோற்றோடு போயிருந்தது. நாக்கு அந்தப் பள்ளத்துக்கே ஓடிக்கொண்டிருந்ததால் பேச்சும் குறைந்துவிட்டது.

இப்படி இருக்கும்போது ஒருநாள் முதலாளி வண்டியிலிருந்து சாக்குப் பைகளை இறக்கினார். உள்ளே பல் டாக்டர் சேரின் மெத்தைகள். உட்காருவது, முதுகுக்கு, தலைக்கு, கைப்பிடிகள். இரும்பு அடிப்பாகம் அங்கேயே இருக்கிறதாம், மெத்தைகளுக்குப் புது உறை போட்டுக் கொண்டுபோய்ப் பொருத்த வேண்டுமாம். அண்ணன் ஒவ்வொன்றாகப் புரட்டினார். வலது கைப்பிடியைத் திருப்பியவர் அப்படியே நின்றுவிட்டார். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். மடித்த கிழிசலில், கட்டைவிரலால் அழுத்தியதால் கொஞ்சம் சாய்ந்தபடி, ஒரு நீல ஆணி இருந்தது.

"நம்ம சேர் தங்கச்சி. புதுப்பிக்கறாங்க. அதான் பூட்டி வச்சிருக்காங்க. காவலாளி சொன்னதுதான் சரி."

எனக்கும் அப்படித்தான் பட்டது. வெள்ளையடிப்பது, பூட்டு, மெத்தை எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியது. முதலாளியிடம் கேட்டதற்கு, யாரோ புரோக்கர் மூலம் வந்தது, அட்ரஸ் பிறகு தருவார்கள் என்றார். அதை நாங்கள் இரண்டு பேருமே காதில் போட்டுக்கொள்ளவில்லை. போட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

அண்ணன் எந்த வேலையையும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. தலை மெத்தைக்கு முதலாளி கொடுத்த பஞ்சை ஒதுக்கிவிட்டு, கல்யாண மண்டபத்து சோபாவுக்கு வாங்கி மிஞ்சிய நல்ல பஞ்சை வைத்தார். பயந்துபோய் வருகிறவர்கள் பிடரியை இறுக்கிக்கொள்வார்கள், அந்த இடம் மெத்தென்று இருக்க வேண்டும் என்றார். கைப்பிடியை எல்லோரும் நகத்தால் கீறுவார்கள் என்று அங்கே மட்டும் இரட்டை ரெக்சின் தைக்கச் சொன்னார். நான் இரண்டு தடவை பிரித்துத் தைத்தேன், முணுமுணுக்கவில்லை. பழைய நீல ஆணியைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். டாக்டரம்மாவிடம் காட்டி, சொன்ன வாக்கைக் காப்பாற்றிவிட்டேன் என்று சொல்ல வேண்டுமாம். கன்னம் லேசாக வீங்கியிருந்தது. "முடிஞ்சா அன்னிக்கே பாத்துடுவாங்க" என்று அண்ணியிடம் சொல்லிவிட்டு, பொருத்தப் போகும் நாளில் இஸ்திரி போட்ட சட்டை அணிந்து வந்தார்.

முதலாளி தந்த அட்ரஸ் சுகாதார நிலையத்துடையது இல்லை. வண்டி கடைவீதியில் ஒரு கண்ணாடிக் கதவின் முன் நின்றது. சிரிக்கிற குடும்பத்தின் படம் ஒன்று கதவு முழுக்க ஒட்டியிருந்தது. "இங்க மாத்திட்டாங்க போல" என்றார் அண்ணன். அப்போதும் அவர் நம்பிக்கை போகவில்லை. நான்தான் உள்ளே இருந்த பெண்ணிடம் கேட்டேன். ஏலத்தில் எடுத்த சேர் என்று அவள் சொன்னாள். அரசுப் பல் பிரிவை மூடியபோது சாமான்களை விற்றார்களாம், எங்க பெரிய டாக்டர் வாங்கினார் என்றாள். டாக்டரம்மாவா என்று கேட்டேன். அப்படி யாரையும் அவளுக்குத் தெரியவில்லை. அண்ணன் காதில் இதெல்லாம் விழுந்ததா என்று தெரியாது. அவர் ஏற்கெனவே உள்ளே போய் மெத்தைகளைப் பொருத்தத் தொடங்கியிருந்தார்.

முடித்துவிட்டு, எல்லா இருக்கையிலும் செய்வதுபோல, அதிலும் ஏறிச் சாய்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். கைகள் அந்தக் கைப்பிடிகள்மேல் கிடந்தன. உள்ளே வந்த இளம் டாக்டர் சேர் சரியாக இருக்கிறதா என்று மிதியை அழுத்திப் பார்த்தார். சேர் மெல்ல உயர்ந்து பின்னால் சரிந்தது. விளக்கையும் போட்டுப் பார்த்தார். வெளிச்சம் முகத்தில் விழுந்ததும், யாரும் சொல்லாமலே, அண்ணன் வாயைத் திறந்தார்.

டாக்டரும் பழக்கத்தில் குனிந்து பார்த்துவிட்டார்.

"இதை யார் பண்ணது? நல்லாத்தான் ஆரம்பிச்சிருக்காங்க. பாதியில ஏன் விட்டீங்க?"

"இந்தச் சேர்லதாங்க ஆரம்பிச்சாங்க" என்றார் அண்ணன், படுத்தபடியே.

"இந்தச் சேரா? இது புதுசுங்க."

உடனே முடித்தால் பல் பிழைக்கும், தள்ளிப்போட்டால் எடுக்க வேண்டியதுதான், வெளியே கேட்டுக்கொள்ளுங்கள் என்று டாக்டர் நல்லபடியாகத்தான் சொன்னார். வெளியே கேட்டேன். அந்தப் பெண் சொன்ன தொகைக்கு அண்ணன் இன்னும் இதுபோல எத்தனையோ சேருக்கு உறை போட வேண்டும். திரும்பி வந்தபோது அவர் இறங்கி நின்று, தன் தலை பட்ட இடத்தைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு யார்மேல் கோபப்படுவது என்று புரியவில்லை. டாக்டரம்மாமேலா, இந்தப் பையன்மேலா, முதலாளிமேலா, ஏலம் போட்டவர்கள்மேலா. எல்லோரும் அவரவர் வேலையைத்தான் செய்திருந்தார்கள். நாங்களும்தான்.

முதலாளி கொஞ்சம் தருவதாகச் சொன்னார், நானும் தருகிறேன் என்றேன். அண்ணன் இதோ அதோ என்று நாளைக் கடத்தினார். வீக்கம் கண் வரைக்கும் ஏறிய ஒரு காலையில் அண்ணி அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். அங்கே அன்றைக்கே உட்காரவைத்தார்கள்.

மத்தியானம் நேராகப் பட்டறைக்கு வந்தார். வாயில் பஞ்சு. பாதியில் நின்றிருந்த ஒரு சோபாவின் முன் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து அந்தச் சாய்ந்த நீல ஆணியை எடுத்துச் சுத்தியலில் வைத்து அடித்தார். நான் மெஷினை நிறுத்தினேன்.

"வலிக்குதா அண்ணே?"

"ம்ம்" என்றார்.

கத்தரி இல்லை. தையல் கோணலும் இல்லை, டீயும் இல்லை. அவர் என்னம்மா சொல்றார் என்று முதலாளி உள்ளேயிருந்து கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன்.